கருவுற்ற தாய்மாரும் வால் எலும்பு வலியும்



பிறந்த ஊரைவிட்டு நெடுந்தொலைவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மகப்பேற்றுக் காலம் என்பது மகிழ்ச்சியும் கவலையும் ஒருங்கே தருவதொன்று. ஊரில் இருந்தால், கருவுற்ற பெண் முகம் சுளித்த மாத்திரத்தில் என்ன நோவு என்று கேட்பதற்குத் தாயும், அத்தையும், அண்டை வீட்டு மூதாட்டியும் இருப்பர். தில்லி மாநகரில் அடுக்குக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில், கணவர் அலுவலகம் சென்றபின் தனித்திருக்கும் இளம் பெண்ணை யார் கேட்பது? பெரிய நோய்க்கு மருத்துவமனை உண்டு. உயிருக்கு ஊறு செய்யாததாயினும் உண்ணவும் உறங்கவும் விடாத சிறு நோவுகளுக்குத்தான் கேட்பாரில்லை. அத்தகைய நோவு ஒன்றைப் பற்றியே இன்று பேச விழைகிறோம். முதுகுத் தண்டின் அடிமுனையில், உட்காரும் இடத்தில், கருவுற்ற பெண்கள் சிலருக்கு உண்டாகும் வலியே அது.

எமது தொழில் மருத்துவம் அன்று. மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு. ஆயின் இப்பொருளைப் பற்றிப் பேச நேர்ந்ததற்குக் காரணம் அந்த மொழிபெயர்ப்பில் எமக்கு ஏற்பட்ட பிழையே. அதனை முதலில் கூறிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், இராமகிருஷ்ணபுரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர் வீட்டில் மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி புதிதாகக் குடிவந்திருந்தாள். இந்தி அறியாதவள். ஏழாம் மாதம். ஒரு நாள் காலையில் வந்து வாயிற்படியிலேயே நின்றாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. "அக்கா, இடுப்புக்குக் கீழே வலிக்கிறது, உட்காரவே முடியவில்லை" என்று மட்டும் சொல்லித் தலை குனிந்தாள். உடன் அழைத்துக்கொண்டு மருந்தகத்திற்குச் சென்றோம். அங்கிருந்த மருத்துவ அம்மையார் இந்தியில் கேட்க, நாங்கள் தமிழில் கேட்டு, அவள் கூறியதை "கமர் மேன் தர்த்" என்று இந்தியில் எடுத்துரைத்தோம். இடுப்பு என்றால் கமர். அகராதி அப்படித்தான் கூறும். கருவுற்ற காலத்தில் இடுப்பு வலி இயல்பே, முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து ஓய்வு கொள்ளட்டும் என்று அவ்வம்மையார் கூறி அனுப்பினார். அவரிடத்தில் குறையில்லை. கேட்ட சொல்லுக்கு உரிய விடையைத்தான் அவர் அளித்தார்.

அப்பெண்ணும் சொன்னபடி சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்தாள். வலி தணியவில்லை, மிகுந்தது. நின்றுகொண்டே உண்ணலானாள். ஓர் இரவு, ஊரிலிருந்த தாயிடம் கைப்பேசியில், "அம்மா, இடுப்பு வலி தாங்க முடியவில்லை" என்று அழுதுவிட்டாள். நம் ஊர்ப்பக்கம் இடுப்பு வலி என்றால் பேறுகால வலி என்றே பொருள் கொள்வர் அன்றோ? ஏழாம் மாதத்திலேயே மகளுக்கு வலி கண்டுவிட்டது என்று எண்ணிய அத்தாய், கையில் கிடைத்த துணிமணிகளோடு நள்ளிரவில் மதுரை இரயில் நிலையத்திற்கு ஓடினார். மீண்டும் தொலைபேசியில் அழைத்து, அஃது அன்று என்று விளங்கவைப்பதற்குள் பொழுது புலர்ந்துவிட்டது.

மறுநாள் மீண்டும் அதே மருந்தகத்திற்குச் சென்றபோது, இம்முறை சொல்லை நம்பாமல், "வலிக்கும் இடத்தை ஒரு விரலால் காட்டு" என்றோம். அவள் கூச்சத்தோடு முதுகெலும்பு முடியும் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். மருத்துவ அம்மையார் உடனே புரிந்துகொண்டு, "இது கமர் அன்று, தும்சீ" என்றார். வால் எலும்பை இந்தியில் "தும்சீ கீ ஹட்டீ" என்பர். அன்றைய தினம் அவர் கூறிய முறைகளாலேயே அவளுக்கு மெல்ல மெல்ல ஆறுதல் கிடைத்தது. இரண்டு வாரத் துன்பத்திற்கும் ஒரு தாயின் ஓர் இரவுத் தவிப்புக்கும் காரணம், நாங்கள் சரியாகக் கேளாமல் விட்டதே ஆகும்.

இனி அவ்வெலும்பின் இயல்பைக் காண்போம்.

முதுகுத் தண்டின் கடைசியில் மூன்று முதல் ஐந்து வரை, பெரும்பாலும் நான்கு, சிற்றெலும்புகள் இணைந்து, முன்னோக்கி வளைந்த ஒரு சிறு முனையாக அமைந்துள்ளன. அதனையே வால் எலும்பு என்கிறோம். பண்டைக் கிரேக்க மருத்துவர்கள் இதன் வடிவம் குயிலின் அலகைப் போன்றுள்ளது என்று கண்டு, குயிலைக் குறிக்கும் தம் சொல்லாலேயே இதற்குப் பெயரிட்டனர். மேலைநாட்டு மருத்துவ நூல்கள் இன்றளவும் அப்பெயரைத்தான் வழங்குகின்றன. இங்கு உண்டாகும் வலிக்குத் தனிப் பெயர் இட்டவர் சிம்சன் என்னும் எடின்பரோ நகர மகப்பேற்று மருத்துவர், ஆண்டு 1859. மகப்பேற்றின்போது வலி தெரியாமலிருக்கக் குளோரோபாம் மயக்க மருந்தை 1847-இல் முதன்முதலில் பயன்படுத்தியவரும் அவரே. மகப்பேற்று மருத்துவர் ஒருவரே இதற்குப் பெயரிட்டார் என்பது கருதத்தக்கது. ஆண்களினும் பெண்களையே இவ்வலி மிகுதியாகப் பற்றுகிறது.

எலும்பு சிறிதாயினும் அதன் வேலை சிறிதன்று. இடுப்புக் கூட்டின் அடித்தளமாக அமைந்து, கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் தாங்கும் தசைகளும், பிட்டத் தசையின் ஒரு பகுதியும், பல தசைநார்களும் இதனோடு பிணைக்கப்பட்டுள்ளன. நாம் உட்காரும்போது உடலின் பாரத்தை மூன்று இடங்கள் ஒரு முக்காலியின் கால்களைப் போலத் தாங்குகின்றன. இரு பக்கத்து இடுப்பெலும்பின் அடிமுனைகள் இரண்டு. வால் எலும்பு மூன்றாவது. முன்னே சற்றுச் சாய்ந்தால் பாரம் முதல் இரண்டின்மேல் விழுகிறது. பின்னே சாய்ந்து சரிந்து உட்கார்ந்தால் மூன்றாவதன்மேல் ஏறுகிறது. எதிர் வீட்டுப் பெண் சாய்ந்து உட்கார உட்கார வலி ஏன் மிகுந்தது என்பது இப்பொழுது விளங்கும்.

கருவுற்ற காலத்தில் இவ்விடம் நோவதற்குக் காரணங்கள் பல. குழந்தை வெளிவருவதற்கு இடந்தரும் பொருட்டு, ரிலாக்சின் முதலிய சுரப்புநீர்கள் இடுப்புப் பகுதியின் தசைநார்களை நெகிழச் செய்கின்றன. நெகிழ்ந்த மூட்டு சிறிது கூடுதலாக அசைகிறது; அசைவினால் நோகிறது. இஃது ஒன்று. வயிறு பெருக்கப் பெருக்க உடலின் பாரம் முன்னே செல்கிறது. அதனை ஈடுசெய்ய நடுமுதுகின் கீழ்ப்பகுதி உள்வளைகிறது. உட்காரும் முறையும் நிற்கும் முறையும் மாறுகின்றன. இது மற்றொன்று. கடைசி மாதங்களில் குழந்தையின் தலை கீழிறங்கி அழுத்துவது மூன்றாவது. இவற்றோடு மலச்சிக்கலும் சேருமாயின் முக்கும்போது அடித்தளத் தசைகள் இழுபட்டு வலி இரட்டிக்கிறது. முன்பு எப்போதோ வழுக்கி விழுந்து அடிபட்ட எலும்பு, கருவுற்ற காலத்தில் பழைய நோவை மீண்டும் காட்டுவதும் உண்டு. ஆனால் இவ்வலி குழந்தைக்குத் தீங்கு விளைவிப்பதன்று. பல பெண்களின் அச்சம் இதுவே ஆதலால் இதனை அழுத்தமாகக் கூறுகிறோம்.

வலியைத் தணிக்கும் வழிகளுள் தலையாயது உட்காரும் முறையைத் திருத்துவதே. முதுகை நிமிர்த்தி, இரு பாதங்களும் தரையில் படியுமாறு அமர்க. பாதம் எட்டாவிடில் ஒரு சிறு மணையை வைத்துக்கொள்க. அரைமணி நேரத்திற்கு மேல் ஒரே நிலையில் அமர வேண்டாம். எழுந்து நாலடி நடந்து மீண்டும் அமரலாம். எழும்போதுதான் பலருக்கு வலி சுரீரென்று பாயும். ஆகையால் இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, உடலை முன்னே சாய்த்துப் பாரத்தைப் பாதங்களுக்கு மாற்றிக்கொண்டு, கைகளை ஊன்றி மெல்ல எழுக. மெத்தென்ற சோபாவில் புதைந்து அமர்வதினும் உறுதியான நாற்காலியில் திண்டிட்டு அமர்தல் நலம்.

அத்திண்டு எத்தகையதாய் இருக்கவேண்டும்? பின்புறத்தில் நடுவே வெட்டு விடப்பட்ட திண்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. வெட்டுப்பகுதி முதுகுப்புறம் இருக்குமாறு இட்டு அமர்ந்தால் வால் எலும்பு எதன்மீதும் படாமல் நிற்கும். வட்டமாக நடுவில் துளையிட்ட வளையத் திண்டு சிலருக்கு ஒத்துவரும். சிலருக்கு அதன் பின்விளிம்பே வால் எலும்பில் அழுத்தி வலியைக் கூட்டும். விலை கொடுத்து வாங்க இயலாதோர் வருந்த வேண்டுவதில்லை. குளியல் துண்டுகள் இரண்டைக் கைப்பருமனுக்கு இறுகச் சுருட்டி, நாற்காலியின்மேல் முன்பின்னாக, இடையே நான்கு விரற்கடை இடைவெளி விட்டு வைத்து, ஒவ்வொன்றின்மேலும் ஒரு பக்கம் அமையுமாறு அமர்க. எதிர் வீட்டுப் பெண் கடைசிவரை பயன்படுத்தியது இதுதான்.

தரையில் உட்காரும் வழக்கம் நம்மவர்க்கு உண்டு. தில்லியின் குளிர்காலத்தில் வெறுந்தரையில் அமர்வது ஆகாது என்பதை எல்லாரும் அறிவர். கோடையிலும், வலியுள்ளவர்கள் பாயை மட்டும் விரித்துச் சம்மணமிட்டு நெடுநேரம் அமர்தல் வேண்டா. வளைகாப்பு நாளில் மணைமேல் உட்காரவைப்பதாயினும் மடித்த கம்பளம் ஒன்றை அடியில் இடுக. சடங்கைச் சுருக்கமாக முடிக்க. வந்தோர் அனைவரும் வளையல் இட்டு முடிக்கும்வரை வாய்திறவாமல் வலியைப் பொறுத்திருக்கும் பெண்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

உறங்கும்போது ஒருக்களித்துப் படுத்தல் வேண்டும். ஆறு மாதம் கடந்த பிறகு மல்லாந்து உறங்குவதைத் தவிர்ப்பது குழந்தையின் நலத்திற்கும் உகந்தது என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். இரு முழங்கால்களுக்கும் இடையே ஒரு தலையணையையோ, சுருட்டிய ரஜாயையோ வைத்துக்கொண்டால் இடுப்பு திருகாமல் நிற்கும்.

வெந்நீர்ப் பை ஒத்தடம் பத்து நிமிடம் கொடுக்கலாம். வெதுவெதுப்பாக, துணியில் சுற்றி, தோல் சுடாதவாறு. சிலருக்குக் குளிர்ந்த ஒத்தடமே இதம் தரும். இரண்டில் எது இசைகிறதோ அதனைக் கொள்க. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிப் பூனையைப் போல் நின்று, மூச்சை வெளிவிட்டு முதுகை மெல்ல மேலே வளைத்துப் பின் நேராக்குவது எளிய பயிற்சி. அந்நிலையில் வயிற்றின் பாரம் வால் எலும்பைவிட்டு நீங்குகிறது. நாள்தோறும் சிறிது நடத்தலும் நன்று. ஆயின் எப்பயிற்சியையும் மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ கேட்டபின்னரே தொடங்குக. எலும்பை நேராக்குகிறேன் என்று கூறி அழுத்தியும் இழுத்தும் பிடிப்போரிடம் செல்லவே வேண்டா.

உணவைப் பற்றி ஒரு சொல். மலச்சிக்கல் நீங்கினால் பாதி வலி நீங்கும். தில்லிச் சந்தைகளில் குளிர்காலத்தில் பாலக்கும் வெந்தயக் கீரையும் கொய்யாவும் நிறையக் கிடைக்கின்றன. தவிடு நீக்காத கோதுமை மாவில் சப்பாத்தி செய்யலாம். குளிர் நாட்களில் தாகம் தெரிவதில்லை; ஆகையால் நம்மவர் தண்ணீர் குடிப்பதையே மறந்துவிடுகின்றனர். வெதுவெதுப்பான நீரை அருகில் வைத்துக்கொண்டு அவ்வப்போது பருகுக. கருவுற்றோர்க்கு அளிக்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையால் சிலருக்கு மலம் இறுகும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துதல் கூடாது. குருதிக் குறைவு அதனினும் பெருந்தீங்கு. மருத்துவரிடம் கூறினால் அவர் வேறு வகை தருவார், அல்லது மலத்தை இளக்கும் மருந்து தருவார்.

மாத்திரையைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். வீட்டில் பெரியவர்களின் மூட்டு வலிக்கு வாங்கி வைத்த இபுபுரூபன், டைக்ளோபினாக் போன்றவற்றைக் கருவுற்றவர் எடுத்து விழுங்கலாகாது. குறிப்பாக இருபது வாரத்திற்குப் பின்னர் இவை குழந்தையின் சிறுநீரகத்தைத் தாக்கிப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும் என்று 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமும் எச்சரித்துள்ளது. வலி பொறுக்க முடியாதபோது பாராசிட்டமாலை எவ்வளவு, எத்தனை நாள் கொள்ளலாம் என்பதை மருத்துவரிடமே கேட்டறிக. தடவும் தைலங்களுக்கும் களிம்புகளுக்கும் இவ்விதியே பொருந்தும்.

எவ்வலியும் வால் எலும்பு வலி என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிடுதலும் பிழை. விட்டுவிட்டு, குறித்த இடைவெளியில் அலையலையாக வரும் வலி, முப்பத்தேழு வாரம் நிறைவதற்கு முன்னரே தொடங்கிய பேறுகால வலியாக இருக்கக்கூடும். குருதிப்போக்கு, நீர் கசிதல், குழந்தையின் அசைவு குறைதல், காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், கீழே விழுந்தபின் தோன்றிய கடும் வலி, எலும்பின் அருகில் சிவந்த வீக்கம் அல்லது சீழ் ஆகியவை இருப்பின் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்க. தொடைகளின் உட்புறமும் உட்காரும் இடமும் மரத்துப்போதல், கால் வலுவிழத்தல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல் ஆகியவை நரம்பு நசுங்குவதன் அறிகுறிகள். இவற்றுக்கு ஒரு மணி நேரமும் காத்திருத்தல் ஆகாது. தில்லியில் 102 என்ற எண்ணுக்கு அழைத்தால் அரசின் நோயாளர் ஊர்தி வரும்.

தில்லியில் வாழ்வோர்க்கு மருத்துவ வசதிக்குக் குறைவில்லை. பெண்களுக்கெனவே 1916-இல் தொடங்கப்பட்ட லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியும், 1956-இல் நிறுவப்பெற்ற அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும், சப்தர்ஜங் மருத்துவமனையும் உள்ளன. மத்திய அரசு ஊழியர்க்கு 1954 முதல் நலவாழ்வுத் திட்ட மருந்தகங்கள் இருக்கின்றன. 2016-இல் தொடங்கிய திட்டத்தின்படி, ஒவ்வொரு மாதமும் 9-ஆம் நாள், நான்காம் மாதம் முதல் கருவுற்ற தாய்மார்க்கு அரசு மருத்துவ நிலையங்களில் கட்டணமின்றிப் பரிசோதனை நடைபெறுகிறது. இது நாடெங்கும் உள்ளதாகையால் பம்பாயிலோ கல்கத்தாவிலோ வாழும் நேயர்களும் பயன்கொள்ளலாம். அங்கே செல்லும்போது, எந்த மாநிலமாயினும், அம்மாநில மொழியில் இரண்டு சொற்களைக் கற்றுக்கொண்டு செல்க. வடபுலத்தார் "தும்சீ மேன் தர்த், பைட்னே பர் ஜ்யாதா" என்றால் போதும். வால் எலும்பில் வலி, உட்கார்ந்தால் மிகுதி என்பது அதன் பொருள்.

பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்வது நம் வழக்கம். புதுதில்லியிலிருந்து சென்னைக்குத் தமிழ்நாடு விரைவு வண்டியில் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர்; முப்பத்து மூன்று மணி நேரத்தை ஒட்டிய பயணம். வலியுள்ளவர் இத்தனை நேரம் உட்கார்ந்து செல்லுதல் இயலாது. கருவுற்ற பெண்களுக்கு இரயிலில் கீழ்ப் படுக்கைக்கெனத் தனி ஒதுக்கீடு உண்டு. மருத்துவரின் சான்றைக் காட்டி முன்பதிவு நிலையத்தில் கேட்டுப் பெறலாம். பகலிலும் ஒருக்களித்துப் படுத்து, மணிக்கு ஒருமுறை எழுந்து சிறிது நடந்து செல்க. நகருக்குள் செல்லும்போது, குண்டும் குழியுமான சாலையில் ஆட்டோவில் குலுங்குவதினும் மெட்ரோ இரயில் நலம். அதன் முதற் பெட்டி 2010 முதல் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. இடம் கேட்கக் கூச வேண்டா.

அலுவலகம் செல்லும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் முதற்கொண்டு, பத்துப் பேருக்குக் குறையாமல் பணியாற்றும் நிறுவனங்களில் முதல் இரு குழந்தைகளுக்கும் இருபத்தாறு வார ஊதிய விடுப்பு உண்டு. அதில் எட்டு வாரம் வரை பேற்றுக்கு முன்னரே எடுக்கலாம். நாள் முழுதும் அமர்ந்து எழுதும் எம் போன்றோர் பணியில், அவ்வப்போது எழுந்து நிற்க மேலதிகாரியின் இசைவைக் கேட்பதில் தவறில்லை.

குழந்தை பிறந்ததும் இவ்வலி மறைந்துவிடுமா? பெரும்பாலோர்க்குச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ தணிந்துவிடும். சிலருக்குப் பேற்றின்போதே, குறிப்பாகக் கருவி கொண்டு குழந்தையை எடுக்க நேர்ந்தால், அவ்வெலும்பு அடிபட்டுப் பின்னர் வலி தொடங்குவதும் உண்டு. பால் கொடுக்க அமரும்போது அது தெரியவரும். ஒருக்களித்துப் படுத்தே பால் கொடுக்கலாம். அப்போது தாய் உறங்கிவிடாமல் உடனிருப்போர் பார்த்துக்கொள்ளவேண்டும். மாதங்கள் கடந்தும் வலி நீடித்தால், பிள்ளை பெற்றவள் வலி பொறுக்கத்தான் வேண்டும் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுக. அதற்கு இயன்முறை மருத்துவமும் ஊசி மருந்தும் உள்ளன.

எதிர் வீட்டுப் பெண் எட்டாம் மாதத்தின் தொடக்கத்தில் மருத்துவரின் இசைவு பெற்றுக் கீழ்ப் படுக்கையில் ஊர் சென்றாள். பையில் அந்த இரண்டு துண்டுகளையும் மறவாமல் எடுத்து வைத்துக்கொண்டாள். பெண் குழந்தை பிறந்தது. ஐந்து மாதம் கழித்துத் தில்லி திரும்பியவள் எங்கள் வீட்டுக்கு வந்து, சொல்லாமலே நாற்காலியில் அமர்ந்தாள். அதைக் கண்டபோது எமக்கு உண்டான நிறைவுக்கு அளவில்லை.

வேற்று மாநிலங்களில் வாழும் அன்பர்களே, உங்கள் அண்டையில் கருவுற்ற தமிழ்ப் பெண் எவளேனும் நின்றுகொண்டே பேசினால், ஏன் உட்காரவில்லை என்று கேளுங்கள். அவள் இடுப்பு வலி என்றால் அத்துடன் நிறுத்திவிடாதீர்கள். எவ்விடம் என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். மருத்துவரிடம் உடன் செல்வோர் மொழிபெயர்ப்பில் எவ்வளவு வல்லவராயினும், அந்த விரல் காட்டும் இடத்தை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு பேசுதல் நலம்.